யூசுஃபின் சட்டையும் மாத நாவலும்

அன்புள்ள ஐயா,

பள்ளிக்கூட நாள்களிலிருந்து மாத நாவல்கள் படித்து வளர்ந்தவன் நான். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், அப்புறம் சுஜாதா. சென்ற வருடம் உடன் வேலை பார்க்கும் நண்பர் நபிகள் நாயகத்தின் வரலாறு ஒன்றைப் படிக்கக் கொடுத்தார். அதிலிருந்து குர்ஆன் தமிழாக்கம், சீறாப்புராணம் என்று போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டுமே முடிந்தபாடில்லை. நடுவில் கை தானாக க்ரைம் நாவலுக்குப் போகிறது, உடனே குற்ற உணர்ச்சியும் வந்துவிடுகிறது. எங்கள் வாசகர் வட்டத்தில் மூத்தவர் ஒருவர், "ஏதாவது ஒன்றில் ஊன்றி நில்லுங்கள், இது நுனிப்புல் மேய்வது" என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிப்பது தவறா? எந்த வரிசையில் படிக்கலாம்? ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியல் தரப் போவதில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறவர்கள் கொஞ்ச நாளில் டிக் அடிப்பதிலேயே குறியாகிவிடுகிறார்கள். ஆனால் குர்ஆனும் சீறாவும் ஏன் முடிந்தபாடில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இரண்டையும் நீங்கள் மாத நாவல் படிக்கிற மாதிரி முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கத்தை நோக்கி ஓடியிருப்பீர்கள்.

குர்ஆன் அப்படிப் படிக்க வாகான நூல் அல்ல. 114 அத்தியாயங்கள். 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக அருளப்பட்டவை, அந்தக் காலவரிசைப்படி அடுக்கப்பட்டவையும் அல்ல. ஏழே வசனங்கள் கொண்ட தோற்றுவாயைத் தாண்டியதும் 286 வசனங்களோடு இரண்டாம் அத்தியாயமான அல்பகரா வந்து நிற்கும். சட்டம், வரலாறு, அறிவுரை, பிரார்த்தனை எல்லாம் அதில் மாறி மாறி வரும். கதை கேட்டுப் பழகியவர் அங்கேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். மூஸா நபியின் கதைகூட ஓர் இடத்தில் முழுதாகக் கிடைக்காது, பல அத்தியாயங்களில் துண்டு துண்டாக வரும்.

உங்களைப் போன்றவர் பன்னிரண்டாம் அத்தியாயமான யூசுஃபிலிருந்து தொடங்கலாம். 111 வசனங்கள், பெரும்பகுதி ஒரே கதை. க்ரைம் நாவல் படித்த கண்ணை மூடிவிட்டுப் படிக்காதீர்கள், அந்தக் கண்ணோடே படியுங்கள். யூசுஃபின் சட்டையை மட்டும் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

அண்ணன்மார் யூசுஃபைக் கிணற்றில் தள்ளிவிட்டு, ஓநாய் தின்றுவிட்டது என்று பொய் ரத்தம் தோய்ந்த சட்டையைத் தந்தையிடம் கொண்டுவருகிறார்கள். தந்தை யஃகூப் நம்பவில்லை. ஓநாய் பிள்ளையைத் தின்றிருந்தால் சட்டை மட்டும் எப்படிக் கிழியாமல் இருக்கும் என்று அவர் எண்ணியதாகக் குர்ஆனுக்கு விரிவுரை எழுதியவர்கள் சொல்வதுண்டு. கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டு எகிப்தில் விற்கப்பட்ட பிறகு எஜமானனின் மனைவி யூசுஃபை மடக்கப் பார்க்கிறாள். இருவரும் கதவை நோக்கி ஓடும்போது சட்டை பின்பக்கம் கிழிகிறது. வாசலில் கணவன். அவள் முந்திக்கொண்டு யூசுஃப் மீது பழி போடுகிறாள். அவள் குடும்பத்திலேயே ஒருவர் வழி சொல்கிறார்: சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை. பார்க்கிறார்கள், பின்புறம். இதைவிடச் சிக்கனமான தடயம் எந்தத் துப்பறியும் கதையில் இருக்கிறது? கடைசியில் யூசுஃப் அனுப்பிய சட்டை, அழுது பார்வை மங்கிய தந்தையின் முகத்தில் போடப்படுகிறது. பார்வை திரும்புகிறது. முதல் சட்டை பொய் சொல்ல வந்தது, இரண்டாவது சாட்சி சொன்னது, மூன்றாவது குணப்படுத்தியது.

நம்பிக்கையோடு ஓதுகிறவருக்கு இதில் இன்னும் எத்தனையோ இருக்கும், அதைக் கதை உத்தியாகச் சுருக்கிவிட மாட்டேன். ஆனால் அந்தச் சட்டையை முதல் வாசிப்பிலேயே கவனிக்கும் பழக்கத்தை உங்களுக்குக் கொடுத்தது மாத நாவல்கள்தாம். தமிழாக்கம் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடம் புரியாவிட்டால் மற்றதைப் பார்க்கலாம்.

சீறாப்புராணத்துக்கு வருவோம். நபிகளின் வாழ்க்கையைப் பாடும் காப்பியம். மூன்று காண்டம், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள். உமறுப் புலவர் நம் காப்பிய வழக்கப்படி நாட்டுப் படலம், நகரப் படலம் எல்லாம் பாடிவிட்டுத்தான் உள்ளே போகிறார். மழை பெய்து ஆறு பெருகி வயல் விளைகிற அரபு நாடு அது! எனக்கு அந்தப் பகுதி மிகவும் பிடிக்கும், ஆனால் கம்பனில் கொஞ்சம் பழகியவருக்குத்தான் அந்தச் சுவை தெரியும். புதிதாக வருகிறவர் அங்கே தொடங்கினால் களைத்துப்போவார். நீங்கள் மானுக்குப் பிணை நின்ற படலத்திலிருந்து தொடங்குங்கள்.

வேடன் ஒரு பெண்மானைக் கட்டிவைத்திருக்கிறான். குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று மான் நபிகளிடம் கெஞ்சுகிறது. நபிகள் பிணை நிற்கிறார். காட்டுக்குப் போன மான் திரும்புமா என்று வேடன் சிரிக்கிறான். இங்கே புலவர் செய்கிற காரியத்தைப் பாருங்கள். காத்திருக்கிறவர்களை அப்படியே விட்டுவிட்டு மானின் பின்னால் போய்விடுகிறார். கூட்டம் மானைப் போகாதே என்று தடுக்கிறது, குட்டி விடாமல் கூடவே வருகிறது. இங்கே ஒருவர் பிணையாக நிற்கிறார், அங்கே ஒரு தாய் விடைபெறுகிறாள். ராஜேஷ்குமார் நாவல்களில் ஓர் அத்தியாயம் ஒரு தடத்திலும் அடுத்த அத்தியாயம் வேறொரு தடத்திலும் ஓடி, கடைசியில் இரண்டும் சந்திக்குமே, அந்தப் பதற்றம் உங்களுக்கு நன்றாகப் பழக்கமானதுதான். இரண்டும் ஒரே தரம் என்று சொல்லவில்லை. கேட்பவனைக் காக்க வைக்கும் வித்தை பொது என்கிறேன்.

ஒன்று முக்கியம். சீறாவைச் சந்தி பிரித்து உரையோடு அச்சிட்ட பதிப்பில் படியுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பாட்டு போதும், அதற்கு மேல் போனால் காதில் சந்தம் மட்டும் ஓடும், பொருள் நிற்காது. மாத நாவலை மாறாக ஒரே இருப்பில் முடித்துவிடுங்கள். மூன்று நாள் இழுத்தால் முதல் அத்தியாயத்தில் வந்த கார் நம்பர் மறந்துபோகும், முடிச்சு அவிழும்போது சுவை இருக்காது.

உங்கள் வாசகர் வட்டப் பெரியவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. எதையும் முடிக்காமல் தாவிக்கொண்டே இருப்பது நுனிப்புல்தான். ஆனால் மார்க்க நூலும் கேளிக்கைக் கதையும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பது அவர் கருத்தானால், அவருக்குச் சித்தி லெப்பையை அறிமுகம் செய்துவையுங்கள்.

கண்டியில் வழக்கறிஞராக இருந்தவர். இலங்கை முஸ்லிம்களின் கல்விக்காகப் பாடுபட்டவர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். மெய்ஞ்ஞானம் பற்றி 'அஸ்ராறுல் ஆலம்' என்ற நூலை எழுதினார். இதே மனிதர் 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். பிரதாப முதலியார் சரித்திரம் வந்து ஆறே ஆண்டுகள். தமிழின் இரண்டாவது நாவல் என்று பலர் சொல்வது இதைத்தான். உள்ளே என்ன இருக்கிறது? எகிப்தில் பெரிய இடத்துப் பிள்ளை குழந்தையிலேயே கடத்தப்படுகிறான், பம்பாயில் வளர்கிறான், கல்கத்தாவுக்குப் போகிறான், சதி, ஆபத்து எல்லாம் கடந்து பிறந்த மண்ணுக்குத் திரும்புகிறான். அசல் மசாலாக் கதை! சூஃபித் தத்துவம் எழுதிய பேனாவுக்குக் குழந்தைக் கடத்தல் எழுதுவதில் எந்தக் கூச்சமும் இல்லை. 'தாருல் இஸ்லாம்' பத்திரிகை நடத்திய பா. தாவூத்ஷாவும் அப்படித்தான், குர்ஆனுக்கு விரிவுரையும் எழுதினார், நாவலும் எழுதினார்.

அதற்கும் முன்னால் போனால் கிஸ்ஸா, மசலா என்று தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த இலக்கிய வகைகளே இருக்கின்றன. கிஸ்ஸா கதை சொல்வது, மசலா கேள்வியும் பதிலுமாகப் போவது. 'நூறு மசலா'வில் ஓர் இளவரசி விடுகதை போலக் கேள்விகளை அடுக்குகிறாள், விடை சொல்பவனுக்குத்தான் மாலை. நடுநடுவே மார்க்க விளக்கமும் வரும். இதை மத நூல் அலமாரியில் வைப்பதா, பொழுதுபோக்கு அலமாரியில் வைப்பதா? கேட்டவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

நாவல்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' போன்றவற்றை இஸ்லாம் பற்றித் தெரிந்துகொள்வதற்காகப் படிக்காதீர்கள். சிலர் அப்படிப் படித்துவிட்டு ஒரு சமுதாயத்துக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அவை ஓர் ஊரின், சில மனிதர்களின் கதைகள். மீரானின் தென்கோடிப் பேச்சுவழக்கு முதல் இருபது பக்கம் படுத்தும். பொறுத்துக்கொண்டால் பிறகு அந்தப் பேச்சுக்காகவே படிப்பீர்கள்.

அப்புறம் குற்ற உணர்ச்சி. க்ரைம் நாவல் படித்துவிட்டு மறந்துபோவதில் ஒரு தப்பும் இல்லை. எழுதியவரே அதற்குள் அடுத்த மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பார். சாண்டில்யனில் வர்ணனைகளைத் தாண்டிப் போனாலும் பாவமில்லை, நான் தாண்டியிருக்கிறேன். ஆனால் நாற்பது பக்கத்தில் பிடிக்காமல் போன நாவலைக் கடமைக்காக முடிக்காதீர்கள். சீறாவை இழுத்துப் பறித்துப் படித்தீர்களே, அந்தப் பொறுமையை அங்கே வீணாக்க வேண்டாம்.

இப்போதைக்கு யூசுஃப் அத்தியாயத்தை முடியுங்கள். அது முடிவதற்குள் ஒரு மாத நாவலைப் படித்துவிட்டால் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, நல்ல கதையாக இருந்தால் பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள்.