வயல் ஓட்டத்துக்கு மைல்ட் ஹைப்ரிட் டபுள் கெப் எடுத்தா லாபமா?

தம்பி, களுவாஞ்சிக்குடியில இருந்துகொண்டு வாவிக்கு அங்கால படுவான்கரையில வயல் செய்யிற எனக்கு 48 வோல்ட் மைல்ட் ஹைப்ரிட் டொயோட்டா ஹைலக்ஸ் சரிவருமா, கூடக் காசு குடுக்கலாமா எண்டு கேட்டிருக்கீங்க. டீசல் மிச்சம் பிடிக்கத்தான் எண்டா குடுக்காதீங்க.

நம்மட ஆக்களுக்கு ஹைப்ரிட் எண்டோடன அக்குவாவும் பிரியஸும்தான் ஞாபகம் வாற. அதுகள் கொஞ்சத் தூரம் தனிக் கரண்டிலயே ஓடும், இந்த மைல்ட் ஹைப்ரிட் ஓடாது. வேகன் ஆர்ல வந்த சாமான்தான், கொஞ்சம் பெருசா செஞ்சிரிக்கானுகள். டைனமோ இரிக்கிற மாதிரி பெல்ட்ல ஒரு மோட்டர், பின் சீட்டுக்குக் கீழ 7.6 கிலோ லித்தியம் பெற்றரி, அவ்வளவுதான். பிரேக் அடிக்கக்க சார்ஜ் ஏறும், எழும்பக்க 2.8 லீற்றர் எஞ்சினுக்கு 12 கிலோவாட் பவரும் 65 நியூட்டன் மீற்றர் இழுவையும் குடுத்துக் கைகுடுக்கும்.

டொயோட்டாக்காரன் ஐரோப்பாவில சொல்ற டீசல் மிச்சமே 5 வீதம் மட்டில்தான். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடுற கெப் எண்டு வைங்க, 1000 கிலோமீற்றர் ஓடினா ஒரு 5 லீற்றர் மிஞ்சும், லீற்றர் 300 ரூவா எண்டு போட்டாலும் 1500 ரூவா, லீசிங் கட்டுற ஆளுக்கு அதெல்லாம் ஒரு காசா? அதுவும் இந்த வகை ஹைப்ரிட் நிண்டு நிண்டு போற இடத்திலதான் உழைக்கும். கொழும்பு காலி ரோட்டில ஓடுற ஆளுக்கு சரி. நம்மட பட்டிருப்புப் பாலத்தத் தாண்டினா வெல்லாவெளி வரைக்கும் ஒரு சிக்னலும் இல்ல, மாடு குறுக்க வந்தாத்தான் பிரேக்.

எனக்குப் பிடிச்ச விசயம் வேற. ஐடில், அதான் அக்சிலேற்றர் மிதிக்காம எஞ்சின் சுத்துற வேகம், நிமிசத்துக்கு 720 சுத்தில இருந்து 600க்கு இறக்கியிரிக்கு, மோட்டர் பிடிச்சுக்கொள்றதால எஞ்சின் அணையாது. நெல்லு மூட்டை ஏத்திக்கொண்டு வயல் வட்டைக்குள்ள ஈரமான கிறவல் ரோட்டில ஊர்ந்து வரக்க உதறல் குறையும், இழுவையும் இதமா இரிக்கும். மாரிக்குப் பயப்படவும் தேவல்ல, தண்ணிக்குள்ள போற ஆழம் சாதா டீசல் மாதிரியே 700 மில்லிமீற்றர். ஒரு டன் லோட்டிலயும் கை வைக்கல்ல.

பிரச்சின கராச்சிலதான் வரும். எடுக்க முதல் அந்த மோட்டர் என்ன விலை, பெற்றரி என்ன விலை, மட்டக்களப்பிலயோ கல்முனையிலயோ ஆரு கை வைக்கிற எண்டு ஏஜென்ட்டிட்ட எழுத்தில கேளுங்க. மழுப்பினா சாதா டீசல எடுத்துப்போட்டு மிச்சக் காசுக்கு நல்ல டயர் நாலு போடுங்க. எடுக்கிற மொடல் 48 வோல்ட்டோட மட்டும்தான் வருது எண்டா, வேணாமெண்டு விடாதீங்க.