கேட்லாக்கை மூடிவிட்டுத் துணியைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் இனிப்பு, காரக் கடை வைத்திருக்கிறோம். தென்காசியில் ஒரு கிளை. இரண்டிலும் சேர்த்து 34 பேர், பாதிப்பேர் பெண்கள். வெயில் காலத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று பார்க்க எடுப்பாக இரண்டு யூனிஃபார்ம் போடலாம் என்று யோசனை. ஏஜென்ட் ஒருவர் லைக்ரா கலந்த துணி, கடை ஆள் அடுப்படி ஆள் எல்லாருக்கும் ஒரே மாதிரி, செட் 780 ரூபாய் என்கிறார். பில் வேண்டாம் என்றால் இன்னும் குறையுமாம். எடுக்கலாமா? செலவில் பாதியைச் சம்பளத்தில் பிடிக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். 'எல்லாருக்கும் ஒரே மாதிரி' என்று அவர் சொன்ன ஒன்றுக்காகவே வேண்டாம். அதற்கு வருகிறேன், முதலில் பருவத்தைப் பார்த்துவிடுவோம்.

ஏஜென்ட் தூக்கி வரும் கேட்லாக்கில் சம்மர், வின்டர் என்று இரண்டு பகுதி இருக்கும். டெல்லிக்கும் லூதியானாவுக்கும் போட்ட கணக்கு அது. நம் பக்கம் மாசியில் பிடிக்கிற வெயில் புரட்டாசி வரை விடாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஒரு பாதி மழை. இதில் உங்கள் இரண்டு கடைக்கும் ஒரே பருவம்கூடக் கிடையாது. ஆனி, ஆடியில் தென்காசியில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும். அதே நாளில் பாளையங்கோட்டையில் வெயிலும் புழுதிக் காற்றும். எந்தத் தேதியில் எந்தக் கடைக்கு எந்த உடுப்பு என்று பட்டியல் போட்டே ஓய்ந்துபோவீர்கள். ஒரே நிறம், ஒரே வெட்டு, ஆளுக்கு மூன்று செட் என்று எடுங்கள். மூன்றாவது செட்தான் உங்கள் மழைக்கால யூனிஃபார்ம். கார்த்திகையில் துவைத்தது மறுநாள் காயாது. இரண்டே செட் கொடுத்தால் ஈரத்தோடு போட்டுக்கொண்டு வருவார்கள். டெலிவரிக்குப் போகிற பையன்களுக்கு மட்டும் ஒளி பட்டால் பளிச்சிடும் பட்டை வைத்த மழைக்கோட்டு தனியாக வாங்குங்கள்.

கடைப் பக்கம் நிற்பவர்களின் சட்டைக்கு டெரிகாட்டன் போதும். பாலியஸ்டர் வேர்வையைக் குடிக்காது, முழுப் பருத்தி மழையில் காயாது, இஸ்திரி போடாமல் பார்க்க முடியாது. அதனால்தான் கலப்பு. சாதாரணமாகக் கிடைப்பது 67 பாலியஸ்டர், 33 பருத்தி. நம் வெயிலுக்குப் பருத்தி பாதிக்கு மேல் இருக்கிற ரகத்தைக் கேளுங்கள், விலை கொஞ்சம் கூடும், கொடுக்கலாம். எடை என்று ஒன்று உண்டு; ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு, ஜி.எஸ்.எம். என்பார்கள். சட்டைக்கு 110 முதல் 130. 'கனமான துணி அண்ணாச்சி, அஞ்சு வருஷம் உழைக்கும்' என்று 160, 170-ஐக் காட்டினால் அஞ்சு வருஷமும் வேர்க்குருதான். பேன்ட்டுக்கு 200-லிருந்து 230 வரை இருக்கலாம். லைக்ரா என்பது இழுத்தால் நீளும் நூல்; பேன்ட்டில் அது இரண்டு மூன்று சதவீதம் இருந்தால் குனிந்து நிமிர வசதி. சட்டையில் அதற்கு வேலையே இல்லை, உடம்போடு ஒட்டும், அவ்வளவுதான்.

எடுப்பு வேண்டும் என்றீர்கள். அது தோள் தையலில் இருக்கிறது. தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையல் உட்கார்ந்தால் சாதாரணத் துணியும் எடுப்பாகத் தெரியும். இரண்டு விரல் இறங்கி நின்றால் எவ்வளவு விலைத் துணியும் இரவல் சட்டைதான். ஆகவே எஸ், எம், எல் என்று பெட்டியில் வருவதை வாங்காமல் ஆளாளுக்கு அளவெடுத்துத் தையுங்கள். நிறத்தில் சாம்பலும் வெளிர் நீலமும் அக்குள் ஈரத்தை ஊருக்கே காட்டிவிடும். சிறு கட்டம் போட்டது, கருநீலம் இரண்டும் மறைக்கும். கறுப்பு வேண்டாம், வேர்வை உப்பிலும் வெயிலிலும் வெளுத்துவிடும். தாமிரபரணித் தண்ணீரில் துவைக்கிறவர்களுக்குக் கவலை குறைவு, போர் தண்ணீர் என்றால் எந்த அடர் நிறமும் சீக்கிரம் மங்கும்.

இப்போது அடுப்படி. இங்கேதான் 'எல்லாருக்கும் ஒரே மாதிரி' உதவாது. துணித் தானின் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, முறுக்கி, தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கும், உருகும், கறுத்த மணியாகத் திரளும். ஆறியபின் நகத்தால் அழுத்தினாலும் உடையாது. தீப்பிடித்தால் சட்டை முழுக்க அப்படித்தான் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியும் எரியத்தான் செய்யும், ஆனால் உருகி ஒட்டாது, கழற்றி எறியலாம். எனவே அடுப்படிக்கு முழுப் பருத்தி. டெரிகாட்டன் கூடாது, லைக்ரா கூடாது, 'கொஞ்சம்தானே கலந்திருக்கு' என்பதும் கூடாது. பையன்களுக்குப் பிடித்த அந்த வழவழப்பான ஜெர்சி டீ-ஷர்ட் முழுப் பாலியஸ்டர், அது உள்ளே வரவே கூடாது. அல்வா கிண்டுகிறவர், பாகு காய்ச்சுகிறவர், மிக்சர் சட்டியில் நிற்பவர் மட்டுமா என்று கேட்பீர்கள். அவர்களுக்குக் கரண்டி எடுத்துக் கொடுக்கிற பையனும் சேர்த்தி. பாத்திரம் கழுவுகிறவர் அடுப்பைத் தாண்டித்தான் குழாய்க்குப் போகிறார் என்றால் அவரும். கவுன்டரில் நிற்பவர் கூட்ட நேரத்தில் உள்ளே ஓடி ஜிலேபித் தட்டை எடுத்து வருவார் என்றால் என்ன செய்வது? அடுப்படி வாசலில் ஆணி அடித்து, கனத்த பருத்தி ஏப்ரன் இரண்டு தொங்கவிடுங்கள், மாட்டிக்கொண்டு உள்ளே போகட்டும். ரெக்சின் ஏப்ரன் கழுவுகிற இடத்தோடு நிற்க வேண்டும். ஏப்ரன் நாடாவும் பருத்தியாகவே இருக்கட்டும், முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு விதியில் தலைத்தொப்பி, சுத்தமான மேலுடை எல்லாம் இருக்கிறது. சோதனைக்கு வருகிறவர்கள் தொப்பி இருக்கிறதா, கையுறை இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். தொப்பிக்குக் கீழே இருப்பது உருகுகிற துணியா என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்குச் சேலையா, சுடிதாரா, உடுப்பின் மேல் கோட்டா என்பதை ஏஜென்ட்டோ நீங்களோ முடிவு செய்யாதீர்கள், அவர்களிடம் கேளுங்கள். எதுவானாலும் பாக்கெட் வேண்டும். மலிவான யூனிஃபார்ம் சேலை பெரும்பாலும் முழுப் பாலியஸ்டர், அடுப்படிப் பெண்களுக்கு அதுவும் ஆகாது.

அப்புறம் இந்த ஏஜென்ட்டுகள். எல்லாரும் மோசம் என்று சொல்லவில்லை; மோசமானவர்கள் ஒரே நாலு வித்தையைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், அதைத் தெரிந்துகொண்டால் போதும். சாம்பிளாக வருவது ஒன்று, சரக்காக இறங்குவது வேறொன்று. சாம்பிள் துணியை இரண்டாக வெட்டி, இரண்டையும் தாளில் பின் அடித்து, இருவரும் கையெழுத்துப் போட்டு ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கொஞ்சம் கத்தரித்து மூன்று தடவை துவைத்து, அளவு குறைகிறதா என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தால் சாயம் நிற்குமா என்பதும் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் மனிதர் முகம் சுளித்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிடலாம்.

அடுத்தது அகலம். மீட்டர் 140 ரூபாய் என்பார், 36 அங்குல அகலம் என்று சொல்லமாட்டார். பக்கத்துக் கடையில் 190 ரூபாய், 58 அங்குலம். அரைக்கைச் சட்டைக்கு 36-இல் ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர் வேண்டும், ஆகிறது 315 ரூபாய். 58-இல் ஒன்றரை மீட்டர், 285 ரூபாய். மலிவு என்று நினைத்தது சட்டைக்கு 30 ரூபாய் கூட. அகலம் சொல்லாத விலையைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

மூன்றாவது, 'அதே கலர் எப்ப வேணும்னாலும் கிடைக்கும் அண்ணாச்சி.' கிடைக்காது. ஒரு முறை சாயம் ஏற்றியதும் அடுத்த முறை ஏற்றியதும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். புதிதாக ஆள் சேருவார்கள், பழைய சட்டை கிழியும். அதே லாட்டில் பத்தில் ஒரு பங்கு துணி கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது பில். துணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். தைத்த உடுப்புக்கும் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான், 2025 செப்டம்பர் 22 முதல். முன்பு 1,000 ரூபாய்க்கு மேல் போனால் 12. அந்தப் பழைய 12-ஐ இன்னும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பில் இல்லாமல் வாங்கி நீங்கள் மிச்சம் பிடிப்பது அதிகபட்சம் அந்த 5. பதிலுக்கு, சாயம் போனாலும் சுருங்கினாலும் கேட்க ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

துணியில் என்ன நூல், எத்தனை சதவீதம் என்று அச்சடிக்க வேண்டும் என்ற விதி 1988-லேயே வந்துவிட்டது. மொத்தக் கடையில் தானை விரித்துத் தேடிப் பாருங்கள்; பாதியில் ஒன்றும் இருக்காது, மீதியில் இருப்பதை நம்ப முடியாது. புகார் சொல்ல ஜவுளி ஆணையரின் மண்டல அலுவலகம் கோயம்புத்தூரில். முறையாகப் பரிசோதித்துச் சான்று வாங்க வேண்டுமென்றால் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். 34 பேருக்குச் சட்டை எடுக்கிற கடைக்காரர் நெல்லையிலிருந்து பஸ் ஏறிப் போய் இதைச் செய்வார் என்று யார் நினைத்தார்களோ தெரியவில்லை. அதனால்தான் தீக்குச்சியை நம்பச் சொல்கிறேன்.

சம்பளத்தில் பிடிக்கலாமா? வேண்டாம். ஊதியச் சட்டம் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. யூனிஃபார்ம் விலை என்று தனியாக அதில் எதுவும் இல்லை. நீங்கள் போடச் சொல்கிற உடுப்புக்கு நீங்கள்தான் பணம் தர வேண்டும். தையல் கூலியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். சித்திரை, வைகாசியில் தையல்காரர்கள் பள்ளிக்கூட யூனிஃபார்மில் மூழ்கியிருப்பார்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தும் அதே கதை. அந்தச் சமயத்தில் கொடுத்தால் காஜா கூடச் சரியாக இருக்காது. தையில் கொடுங்கள், தவறினால் ஆடி. மொத்தத் துணியையும் ஒரேயடியாக வெட்டவிடாமல் முதலில் ஒரே ஒரு சட்டை தைத்து வாங்கி, கடையில் யாருக்கு அதிகம் வேர்க்கிறதோ அவருக்குக் கொடுங்கள். ஒரு வாரம் போட்டு, துவைத்து, திரும்பப் போட்டுப் பார்த்து அவர் சரி என்று சொன்னபின் மீதியை வெட்டலாம்.