எதையுமே மறக்காத மூளை வரமா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நீங்கள், படித்ததும் பட்டதும் எதுவுமே மறக்காத மூளை வாய்த்தால் வாழ்க்கை எவ்வளவு எளிதாகிவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியொரு மூளை யாருக்கும் வாய்க்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா, சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி என்பவரின் நினைவாற்றலை 1920களில் தொடங்கி ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒருமுறை கேட்ட சொற்களின் பட்டியலை 15 ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் பிசகாமல் ஒப்பித்த அந்த மனிதருக்கு, ஒரு கதையைப் படித்து அதன் சாரத்தைப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் ஒரு படத்தைக் கிளப்பிவிடும். மறப்பதற்காக எண்களைத் தாளில் எழுதி எரித்தும் பார்த்தார், கருகிய தாளிலும் எண்களின் தடம் அவருக்குத் தெரிந்தது. நம் கல்யாண வீடுகளில் மொய் நோட்டு எழுதி பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோமே, அந்த நிம்மதி அவருக்கு வாய்க்கவில்லை.

இவற்றைவிட என்னை வருத்தியது, முகங்களை அடையாளம் காண அவர் திணறினார் என்பதுதான். ஒரே முகம் மனநிலைக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருப்பதாக அவர் சொன்னார். நேற்றைய முகத்தின் நுணுக்கங்களைக் கொஞ்சமாவது மறந்தால்தான் இன்று எதிரில் நிற்பவரும் அதே ஆள்தான் என்று ஏற்க முடியும் போலும்.

இதைப் படித்தபோது கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இருக்கும் என் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். பங்கு பிரித்த பிறகு கிணற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிய காலத்தில், அவர் முறையன்று சித்தப்பா மோட்டாரைப் போட்டுவிட்டார். வரப்பில் கிடந்த மண்வெட்டி, சித்தப்பா கட்டியிருந்த துண்டின் நிறம், பேசிய பேச்சு என ஒன்றையும் பெரியப்பா விடவில்லை. பின்னாளில் அவருக்குக் கால் முறிந்தபோது ஈரோட்டுக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் இராத்திரியெல்லாம் கண்விழித்திருந்தவர் அதே சித்தப்பாதான். அதைப் பெரியப்பா மறுப்பதில்லை. "இருந்தாலும் கண்ணு, அன்னைக்கு அவன் நின்ன நிலை கண்ணுக்குள்ளயே நிக்குது" என்பார். தம்பி மாறிவிட்டார், அண்ணனின் நினைவில் இருக்கும் தம்பி மாறவில்லை.

அமெரிக்காவின் ஜில் பிரைஸ் என்ற பெண்ணுக்கு இந்த நிலை ஏறக்குறைய எல்லா நாட்களைக் குறித்தும் இருந்தது. 2000இல் நரம்பியலாளர் ஜேம்ஸ் மெக்காவுக்குத் தாமே கடிதம் எழுதி உதவி கேட்டார், அவரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2006இல் வெளியானது. ஒரு தேதியைச் சொன்னால் அன்று நடந்ததைச் சொல்லும் அவர், அதைச் சுமை என்றே குறிப்பிட்டார். பழைய வேதனைகள் அவருக்கு ஆறிப்போகவே இல்லை. நமக்கோ, நடந்தது நினைவிருந்தாலும் அதன் சூடு பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. கெட்டதன் சூடு நல்லதன் சூட்டைவிட விரைவாகவே தணிகிறது.

தேர்வைப் பொறுத்தவரை, மறதி உங்களுக்கு எதிரி அல்ல. தம்மையே சோதித்து 1885இல் மறதியை அளந்து எழுதிய ஹெர்மன் எபிங்ஹாஸ், மறந்துபோனதாகத் தோன்றுவதையும் மறுபடி படிக்க முதல்முறையைவிடக் குறைந்த நேரமே பிடிக்கிறது என்று கண்டார். ஒரே மூச்சில் படிக்காமல், சில நாள் இடைவெளி விட்டு, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். விடுபட்டதை மட்டும் மறுபடி படித்தால் போதும்.