“சிஸ்டம் நிராகரித்துவிட்டது” என்றால் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லையா?

கேள்வி: நான் கோவையில் வசிக்கிறேன். மென்பொருள் சோதனைப் பிரிவில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தவள். மகள் பிறந்த பிறகு 3 ஆண்டுகள் வேலைக்குப் போகவில்லை. இந்த ஆண்டு ஜனவரியில் ஒரு தனியார் நிறுவனத்தின் இணையதளம் வழியாக சீனியர் டெஸ்டர் பணிக்கு விண்ணப்பித்தேன். இரவு 11.40 மணிக்கு அனுப்பினேன், 11.44க்கு “உங்கள் விவரங்கள் இப்பணிக்குப் பொருந்தவில்லை” என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. என்னுடன் ஒரே குழுவில் இருந்த, என்னைவிட அனுபவம் குறைந்த ஆண் நண்பர் அதே பணிக்கு நேர்காணலுக்கு அழைக்கப்பட்டார். தொலைபேசியில் விசாரித்தபோது, “அது சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணினது மேடம், எங்க கையில இல்ல” என்றார் எச்.ஆர். பிரிவு ஊழியர். மென்பொருள்மீது வழக்குப் போட முடியுமா? இதே விவரங்களை ஓர் ஆண் பெயரில் அனுப்பிப் பார்க்கலாமா?

பதில்: மென்பொருள்மீது வழக்குப் போட முடியாது, சட்டத்தின் கண்ணில் அது ஒரு நபர் அல்ல. ஆனால் அதனாலேயே “எங்கள் கையில் இல்லை” என்ற பதிலும் சட்டப்படி செல்லாது. சல்லடையின் கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்து அதை வாங்கி வைத்தவர் வேலை தருபவர்தான். அதில் யார் சலிக்கப்பட்டு வெளியே விழுந்தாலும் அது அவர் எடுத்த முடிவாகவே கருதப்பட வேண்டும். ஆள் தேர்வை ஒரு கன்சல்டன்சியிடம் ஒப்படைத்த நிறுவனம், அந்த கன்சல்டன்சி செய்த பாகுபாட்டுக்குத் தனக்குப் பொறுப்பில்லை என்று சொல்வதை நாம் எப்படி ஏற்கமாட்டோமோ, அப்படியே இதையும் ஏற்கத் தேவையில்லை. அந்த ஊழியர் சொன்ன வாக்கியத்தைத் தேதி, நேரத்துடன் இன்றே எழுதி வையுங்கள். உங்கள் விண்ணப்பத்தை மனிதர் எவரும் படிக்கவில்லை என்பதற்கு அந்த 4 நிமிட இடைவெளியும் அந்த வாக்கியமும் சேர்ந்து நல்ல அடையாளம்.

“என் பாலினத்தை மென்பொருள் எப்படி அறியும்?” என்ற ஐயம் உங்களுக்கு எழலாம், எதிர்த்தரப்பும் இதையே கேட்கும். அமேசான் நிறுவனம் 2014 முதல் உருவாக்கிவந்த ஆள்தேர்வுக் கருவியின் கதை இதற்கு விடை சொல்கிறது. முந்தைய 10 ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி அளித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவாக, “பெண்கள் சதுரங்கக் கழகத் தலைவர்” என்பதுபோல் “பெண்கள்” என்ற சொல் வரும் விண்ணப்பங்களுக்கு அது மதிப்பெண்ணைக் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களையும் கீழே தள்ளியது. குறிப்பிட்ட சொற்களைப் பொருட்படுத்தாதபடி அதைத் திருத்திய பிறகும், வேறு வழியில் பாகுபாடு நுழையாது என்ற உறுதி இல்லாததால் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. இது 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி வழியாக வெளியுலகுக்குத் தெரிந்தது. பெயரையும் பாலினத்தையும் அழித்துவிட்டாலும், கல்லூரியின் பெயரும் வேலையில் விழுந்த 3 ஆண்டு இடைவெளியும் அதே செய்தியை மென்பொருளுக்குச் சொல்லிவிடும். நம் ஊரில் முப்பது வயதையொட்டி இத்தகைய இடைவெளி யாருடைய விண்ணப்பத்தில் அதிகம் இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

அடுத்ததாக, “பெண்களை ஒதுக்கும் நோக்கம் எங்களுக்கு இல்லை, எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான்” என்பார்கள். நோக்கம் இல்லாமலும் பாகுபாடு நிகழும் என்பதை உச்ச நீதிமன்றம் லெப்டினன்ட் கர்னல் நிதிஷா எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் 2021 மார்ச்சில் தெளிவாக ஏற்றது. ராணுவத்தில் ஆண் அதிகாரிகள் பணியின் தொடக்கக் கட்டத்தில், இளம் வயதில் எட்டவேண்டியிருந்த உடல்தகுதி அளவுகோலை, நிரந்தரப் பணிக்கான பரிசீலனையே பல ஆண்டுகள் மறுக்கப்பட்டுவந்த பெண் அதிகாரிகளிடம் நடுத்தர வயதில் எதிர்பார்த்தார்கள். விதி பார்வைக்குப் பொதுவானதுதான். அதன் சுமை மட்டும் பெண்கள்மீது விழுந்தது. இதையே மறைமுகப் பாகுபாடு என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. இதற்கும் முன்பே, 1991இல் நீரா மாத்தூர் வழக்கில், வேலைக்குச் சேரும் பெண்களிடம் மாதவிடாய், கருத்தரிப்பு விவரங்களைக் கேட்ட ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் படிவத்தை உச்ச நீதிமன்றம் கண்டித்து, அந்தக் கேள்விகளை நீக்கச் சொன்னது. அன்று படிவம் வெளிப்படையாகக் கேட்டதை இன்று மென்பொருள் கேட்காமலேயே ஊகித்துக்கொள்கிறது என்பதே என் வாதமாக இருக்கும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்விரு வழக்குகளும் அரசுக்கும் அரசு சார்ந்த அமைப்புக்கும் எதிராக வந்தவை. சமத்துவம் பற்றிய அரசமைப்புச் சட்டத்தின் 14 முதல் 16 வரையான கூறுகள் அரசையும் அரசு சார்ந்த அமைப்புகளையும்தான் வேலை விஷயத்தில் நேரடியாகக் கட்டுப்படுத்தும். நீங்கள் விண்ணப்பித்தது பொதுத்துறை நிறுவனமாக இருந்திருந்தால், சென்னை உயர் நீதிமன்றத்தில் கூறு 226இன்கீழ் ரிட் மனு தாக்கல் செய்யச் சொல்லியிருப்பேன். தனியார் நிறுவனம் என்பதால் சாதாரணச் சட்டத்தில்தான் இடம் தேட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019இன் பிரிவு 3, ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆள் எடுக்கும்போது பணி நிபந்தனைகளில் பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மீறினால், முதல் முறைக்கு 20,000 ரூபாய் வரை அபராதம். பல கோடி ரூபாய்க்குத் தொழில் செய்யும் நிறுவனத்துக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டே அல்ல என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. இந்தத் தொகுப்பு வந்ததால் நீக்கப்பட்ட 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் பிரிவு 5, ஆள்தேர்வுடன் பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தது. புதிய பிரிவின் சொற்கள் அந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. “பணி நிபந்தனை” என்ற சொல்லைக் குறுக்கிப் படித்து, வேலையே கிடைக்காத உங்களுக்கு இது பொருந்தாது என்று வாதிடவும் இடமிருக்கிறது. மேலும், நீதிமன்றத்தில் புகார் தர உரிமையுள்ளவர்களில் ஊழியர், பதிவுபெற்ற தொழிற்சங்கம், ஆய்வாளர் ஆகியோர் இருக்கிறார்கள். விண்ணப்பதாரர் என்ற சொல் அங்கே இல்லை. ஆகவே உங்களுக்குப் பாதுகாப்பான வழி, கோவையில் உள்ள தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் அளித்து, ஆய்வாளரை விசாரிக்கச் செய்வதாகும்.

இனி ஆண் பெயர் பற்றிய கேள்வி. உங்கள் எண்ணம் எனக்குப் புரிகிறது. அமெரிக்காவில் ஐட்யூட்டர்குரூப் என்ற ஆன்லைன் பயிற்சி நிறுவனத்தின் மென்பொருள், 55 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களையும், 60 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களையும் தானாகவே நிராகரித்துவந்தது. விண்ணப்பதாரர் ஒருவர் பிறந்த தேதியை மட்டும் மாற்றி அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்பினார். உடனே நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. சம வேலைவாய்ப்பு ஆணையம் தொடுத்த வழக்கு, 2023இல் அந்த நிறுவனம் 3,65,000 டாலர் தரச் சம்மதித்ததுடன் முடிந்தது. ஆயினும் இங்கே நீங்கள் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் அறிவுரை. அங்கே வழக்கை நடத்த ஓர் ஆணையம் இருந்தது; இங்கே நீங்கள் தனியாக நிற்கிறீர்கள், பொய்ப் பெயரில் விண்ணப்பித்தீர்கள் என்பதையே பிடித்துக்கொண்டு ஆள்மாறாட்டம் என்று உங்கள்மீது புகாரைத் திருப்பிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, உங்கள் சொந்தப் பெயரில், பொய் ஒன்றும் சேர்க்காமல், இடைவெளிக்கான காரணத்தை மட்டும் சொல்லாமல் விட்டு, அதே நிறுவனம் அடுத்து அறிவிக்கும் இணையான பணிக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் நண்பர் மனம் ஒப்பினால், அவருடைய விண்ணப்பத்தின் நகலையும் நேர்காணல் அழைப்பையும் தேதியிட்ட கடிதத்துடன் வாங்கி வையுங்கள். ஒப்பிட்டுக் காட்ட ஓர் ஆள் கிடைப்பது இத்தகைய வழக்குகளில் அரிது. உங்களுக்கு அது கிடைத்திருக்கிறது.

நிராகரிப்பு மின்னஞ்சலின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னஞ்சலை, அது எங்கிருந்து எப்போது வந்தது என்று காட்டும் முழு ஹெடர் விவரங்களுடன் அழிக்காமல் வையுங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும். அதே சட்டத்தின் பிரிவு 109, ஒருவருக்கு மட்டுமே விசேஷமாகத் தெரிந்த உண்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரையே சாரும் என்கிறது. மென்பொருள் எந்த அளவுகோலை வைத்து உங்களை ஒதுக்கியது என்பது நிறுவனத்துக்கு மட்டுமே தெரியக்கூடியது. முதலில் பாகுபாட்டின் அடையாளங்களை நாம் காட்டிவிட்டால், இந்தப் பிரிவைக் கொண்டு பதில் சொல்லும் கடமையை எதிர்த்தரப்பின் பக்கம் நகர்த்த முயலலாம்.

மென்பொருளின் அளவுகோல் வெளியே தெரியாத இந்த இடத்தில்தான் வழக்கு சிக்கும், சட்டம் மாற வேண்டியதும் இங்கேதான். நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல் அமலாகிவரும் சட்டம், இத்தகைய கருவியைப் பயன்படுத்துமுன் சுயேச்சையான தணிக்கையாளரைக் கொண்டு ஆண், பெண் தேர்வு விகிதங்களைக் கணக்கிட்டு, சுருக்கத்தை வெளியிடவும், கருவி பயன்படுத்தப்படுவதை விண்ணப்பதாரர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆள்தேர்வு மென்பொருளை உயர் ஆபத்து வகையில் சேர்த்திருக்கிறது. நம்மிடம் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையாகவும் சரியாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தன் தரவு எப்படிக் கையாளப்பட்டது என்று கேட்கும் உரிமையையும் தருகிறது. ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி அந்த உரிமைகள் 18 மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். ஆள்தேர்வில் பெண்களும் ஆண்களும் எந்த விகிதத்தில் ஒதுக்கப்பட்டார்கள் என்ற கணக்கை வேலை தருபவர் ஆண்டுதோறும் ஆய்வாளரிடம் தர வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் விதிகளில் ஒரு வரி சேர்த்தாலே, உங்களைப் போன்றவர்கள் இருட்டில் தடவ வேண்டியிருக்காது.

இப்போதைக்கு இந்த வாரமே நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு கடிதம் அனுப்புங்கள். எந்த மென்பொருள் பயன்படுத்தப்பட்டது, என் விண்ணப்பத்துக்கு அது அளித்த மதிப்பெண் என்ன, பணி இடைவெளி அதில் கணக்கில் எடுக்கப்பட்டதா, மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்வாரா என்று கேளுங்கள். என் விண்ணப்பம் தொடர்பான பதிவுகளை அழிக்கக் கூடாது என்ற வரியை மறவாமல் சேருங்கள். பல நிறுவனங்கள் விண்ணப்பத் தரவைச் சில மாதங்களில் நீக்கிவிடுவது வழக்கம். பதில் வராவிட்டால், அந்தக் கடிதத்தின் நகலுடன் தொழிலாளர் துறைக்கும் மாநில மகளிர் ஆணையத்துக்கும் புகார் அனுப்பலாம். வழக்கறிஞர் கட்டணத்துக்குத் தயங்க வேண்டாம்: சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12இன்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோவை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மின்னஞ்சலின் அச்சுப் பிரதியுடனும் உங்கள் விண்ணப்ப நகலுடனும் மனுக் கொடுங்கள்.