ஊசியும் தட்டும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழில் மேற்கத்திய ராக் எல்.பி.க்கள் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் பெரிய வினைல் ரெக்கார்டுகள்) பற்றிய கேள்விகள் மட்டும். தமிழ்ப் பட ரெக்கார்டு வைத்திருப்பவர்களும் படிக்கலாம். ஊசிக்கும் தூசிக்கும் மொழி கிடையாது.

பல்லடம் வாசகர்: வீட்டுக்குப் பக்கத்துலயே விசைத்தறிக் கூடமுங்க. டீப் பர்ப்பிளோட 'மெஷின் ஹெட்' போட்டா முதல் பாட்டு கணீர்னு கேக்குது. மூணாவது பாட்டுக்குள்ள துணியைப் போர்த்துன மாதிரி மங்கிப் போகுது. ஊசி போயிருச்சுங்களா?

ஊசி போகவில்லை. நீங்கள் சொன்னது போலவே போர்த்தியிருப்பது துணிதான், இன்னும் நெய்யாத துணி. ரெக்கார்டில் ஊசி ஓடும் பள்ளத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்கு. தறிப் பக்கம் காற்றில் மிதக்கும் பஞ்சு இழை அதற்குக் கயிறு மாதிரி. ஊசி அதை வாரிக்கொண்டே போகும். பத்து நிமிடத்தில் ஊசி முனையில் ஒரு பஞ்சுருண்டை சேர்ந்து முனையைப் பள்ளத்தின் சுவரிலிருந்து தூக்கிவிடும். முதலில் போவது கீச்சொலிகள், அதாவது சிம்பல் சத்தம். அடுத்தது குரல். அதனால்தான் மங்குகிறது. ஊசி தேய்ந்திருந்தால் முதல் பாட்டிலிருந்தே கரகரக்கும்.

ஒவ்வொரு பக்கம் போடுவதற்கு முன்பும் ஊசியைச் சுத்தம் செய்யுங்கள். சின்ன, மிருதுவான பிரஷ் போதும். பின்னாலிருந்து முன்னால் மட்டும் தள்ள வேண்டும். ரெக்கார்டு சுழலும்போது ஊசிக்கு அடியில் தட்டு நகர்வதும் அதே திசையில்தான். பக்கவாட்டில் தேய்த்தால் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்துவிடும். விரல் வைக்கவே கூடாது.

தட்டுக்குக் கார்பன் ஃபைபர் பிரஷ். தட்டு சுழலும்போது மேலோட்டமாக இரண்டு மூன்று சுற்று பிடித்து, பிறகு மெதுவாக வெளி விளிம்பை நோக்கி இழுத்து எடுங்கள். ஆடிக்காத்து அடிக்கும் மாதங்களில் இதைத் தவறவே விடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று புழுதியையும் பஞ்சையும் சேர்த்துக் கொண்டுவரும். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே பிளேயரை வைக்க வேண்டாம்.

பிரஷுக்குப் போகாத அழுக்குக்கு ஈரச் சுத்தம். 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், 200 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், வாசனை இல்லாத பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் 'ஐ.பி.ஏ.' என்று கேட்டால் ஆல்கஹால் கொடுப்பார்கள். சர்க்யூட் போர்டு துடைக்க வைத்திருப்பார்கள். கை சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரினும் வாசனையும் இருக்கும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பள்ளம் ஓடும் வட்டத்திலேயே துடையுங்கள், குறுக்கே அல்ல. லேபிளில் ஈரம் படக் கூடாது. அடுத்து வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை துடைத்து, நிழலில் நிறுத்தி உலர வையுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள உப்பு பள்ளத்துக்குள் படியும், பிறகு பொரிகடலை வறுக்கும் சத்தம்தான். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் தட்டுக்கு வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்று: மேலே சொன்ன கலவை வினைல் எல்.பி.க்கு மட்டும். வீட்டில் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டு இருந்தால் ஆல்கஹால் காட்டாதீர்கள். அரக்கு கரைந்துவிடும்.

கோவை, சாயிபாபா காலனி வாசகி: அமெரிக்காவுல இருந்து தம்பி பழைய டர்ன்டேபிள் ஒண்ணு கொண்டுவந்தான். 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போட்டாச்சு. ஓடுது, ஆனா எல்லாப் பாட்டும் தூக்கக் கலக்கத்துல பாடுற மாதிரி இருக்குதுங்க.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. பழைய ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார்கள் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு 27.8 சுற்றும். 4 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 48 நொடி ஆகும், சுருதி ஏறத்தாழ மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கும்.

உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, 3 நிமிடம் எண்ணுங்கள். சரியான வேகம் என்றால் மிகச் சரியாக 100 சுற்று. உங்களுடையதில் 83 வந்தால் நோய் இதுதான்.

பெல்ட் டிரைவ் (மோட்டார் பெல்ட் வழியாகத் தட்டைச் சுற்றும் வகை) என்றால் மருந்து கோவையிலேயே கிடைக்கும்: லேத் பட்டறை. மோட்டார் தண்டில் இருக்கும் பித்தளைப் புல்லியைப் பெரிதாக்க வேண்டும். 1.2 மடங்கு என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள், பெல்ட்டின் தடிமனும் கணக்கில் வரும். பழைய புல்லியின் விட்டத்தோடு பெல்ட் தடிமனைக் கூட்டி, 1.2-ஆல் பெருக்கி, பெல்ட் தடிமனைக் கழியுங்கள். புல்லி 10 மி.மீ., பெல்ட் 0.6 மி.மீ. என்றால் 10.6 × 1.2 = 12.72, 0.6 கழித்தால் 12.12 மி.மீ. 33-க்கும் 45-க்கும் இரண்டு படி இருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். நடுத்துளை மையம் தப்பாமல் கடையச் சொல்லுங்கள். தப்பினால் பியானோ சத்தம் அலை அலையாக ஆடும். புல்லியின் நடு லேசாகப் புடைத்திருந்தால் அதே புடைப்பு புதியதிலும் வேண்டும், பெல்ட் நழுவாமல் இருக்க அதுதான் காரணம். மோட்டார் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதால், டிரான்ஸ்ஃபார்மரில் 100 வோல்ட் முனை இருந்தால் அதில் போடுங்கள்.

டி.சி. மோட்டார் அல்லது பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றும் குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் வகையாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, வோல்டேஜ் மட்டும் பார்த்தால் போதும். மின்வெட்டில் இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்களுக்கு: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. மோட்டார் உறுமும், சூடாகும். கரண்ட் வரும் வரை பொறுத்திருங்கள்.

ஈரோடு வாசகர்: சூட்கேஸ் மாதிரி மடக்குற பிளேயர் வாங்கினேன். லெட் செப்பலின் போட்டா ஊசி தாவுது. நண்பர் ஒருத்தர் ஊசித் தலைமேல ஒத்தை ரூபாய்க் காசு ஒட்டச் சொன்னார். ஒட்டலாமுங்களா?

காசை எடுத்துவிடுங்கள். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் செராமிக் காட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதி). ஊசி ஏற்கெனவே தட்டை 5-6 கிராம் எடையோடு அழுத்தும். இப்போதைய ஒரு ரூபாய் நாணயம் 3 கிராமுக்கு மேல். அதையும் ஏற்றினால் உழவு ஓட்டுவது போலத்தான். தாவாமல் ஓடும், பள்ளத்தின் சுவரைச் செதுக்கிக்கொண்டே ஓடும்.

தாவுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பெட்டி மட்டமாக இல்லை: தட்டின்மேல் ஸ்பிரிட் லெவல் வைத்துப் பாருங்கள். பள்ளத்தில் அழுக்கு: மேலே சொன்ன குளியல். மூன்றாவது, ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் டிரம் அடிக்கும்போது ஊசியும் சேர்ந்து ஆடுகிறது. ராக் தட்டுகளில் டிரம்மும் பேஸும் பெரிய அலைகளாக வெட்டப்பட்டிருக்கும், இந்தப் பெட்டிக்கு அது தாங்காது. ஒலியைக் குறைத்துப் போட்டால் தாவல் நிற்கிறதா பாருங்கள். நின்றால் குற்றவாளி ஸ்பீக்கர்தான்.

எங்கள் கருத்து: தட்டு வாங்குவதை ஆறு மாதம் நிறுத்தி, அந்தப் பணத்தில் பின்பக்கம் எடைக்கல் உள்ள டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை), மாற்றக்கூடிய மூவிங் மேக்னட் (ஊசியோடு குட்டிக் காந்தம் அசையும்) காட்ரிட்ஜ் உள்ள டர்ன்டேபிள் வாங்குங்கள். ஆடியோ-டெக்னிகா வி.எம்.95இ காட்ரிட்ஜுக்கு 2 கிராம், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் காட்ரிட்ஜுக்கு 1.8 கிராம் அழுத்தம்.

அழுத்தம் வைக்கும் முறை: ஆன்டி-ஸ்கேட்டிங்கை (ஆர்ம் தட்டின் மையத்தை நோக்கி இழுபடாமல் தடுக்கும் திருகு) பூஜ்யத்தில் வைத்து, ஊசி மூடியைக் கழற்றி, ஆர்ம் தராசுக் கோல் போல அந்தரத்தில் மட்டமாக நிற்கும் வரை எடைக்கல்லைத் திருகுங்கள். கல்லை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் 0-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு கல்லையும் வளையத்தையும் சேர்த்து உங்கள் காட்ரிட்ஜின் அழுத்தம் வரை, வி.எம்.95இ என்றால் 2 வரை, திருப்புங்கள். ஆன்டி-ஸ்கேட்டிங்கும் அதே எண். வளைய எண்ணை நம்பாதவர்கள் நகை எடை போடும் 0.01 கிராம் டிஜிட்டல் தராசில் சரிபார்க்கலாம். ஆனால் தராசுத் தட்டு இரும்பாக இருந்தால் காட்ரிட்ஜின் காந்தம் அதை இழுக்கும், எடை பொய் சொல்லும். தராசின் மேற்பரப்பும் ரெக்கார்டு இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும்.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: எங்க அப்பிச்சி குன்னூர் எஸ்டேட்டுல வேலை பார்த்தவர். அவர் பெட்டியில பீட்டில்ஸ் தட்டு ஏழெட்டு இருக்குது. லேபிள்ல டம்டம்னு போட்டிருக்குது. டூப்ளிகேட்டுங்களா?

டூப்ளிகேட் இல்லை. டம்டம் கல்கத்தாவில் இருக்கிறது. கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் தொழிற்சாலை அங்கேதான். எச்.எம்.வி. தட்டுகள் வந்த அதே இடத்தில், பார்லோஃபோன் லேபிளில் பீட்டில்ஸும் அச்சானது. வெளிநாட்டில் இந்திய அச்சுக்கென்றே தேடி வாங்குபவர்கள் உண்டு.

மதிப்பு தட்டின் நிலையைப் பொறுத்தது. ஜன்னல் ஓரம் சாய்த்துப் பிடியுங்கள். கருப்புப் பளபளப்பாக இருந்தால் நல்லது. சாம்பல் பூத்தது போல இருந்தால் கனத்த ஊசி தேய்த்த தடம். கீறலே இல்லாவிட்டாலும் உரத்த இடங்களில் கரகரக்கும். நம் ஊர்ப் பழைய தட்டுகளில் இதுதான் அதிகம். லேபிளின் நடுத்துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள், துளையைத் தடவித் தடவி மாட்டும்போது விழுந்தவை. எத்தனை முறை ஓடியது என்று அதுவே சொல்லிவிடும். நகத்தில் தட்டுப்படும் கீறல், 1.8 நொடிக்கு ஒரு 'டப்' கொடுக்கும். தட்டு ஒரு சுற்று சுற்ற ஆகும் நேரம் அது.

அடுத்து, கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் வரை உள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வெட்டிலிருந்து (அச்சுக்கு மூலமாகப் பள்ளம் வெட்டிய தட்டிலிருந்து) அச்சானது என்பதற்கு அதுதான் ஜாதகம். ஒரே ஆல்பத்தின் இரண்டு வெட்டுகள் இரண்டு விதமாகக் கேட்கும். 1969-இல் வந்த 'லெட் செப்பலின் II'-இன் அமெரிக்க அச்சில், ராபர்ட் லட்விக் வெட்டியதற்கு அந்த வளையத்தில் 'ஆர்.எல்.' என்று இருக்கும். மற்ற வெட்டுகளைவிட உரத்தது, அதனாலேயே விலையும் உரத்தது. பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973 பிரிட்டிஷ் முதல் அச்சுக்கு அடையாளம் லேபிளில் முழுக்க நீலம் நிரப்பிய முக்கோணம். பின்னால் வந்தவற்றில் வெறும் கோட்டு முக்கோணம்.

உடுமலை வாசகி: ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் மட்டும் 'ஸ்', 'ஷ்' எழுத்துகள் சீறுகின்றன. ஏன்?

தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஊசிக்கு அடியில் நகரும் நீளம் ஒன்றல்ல. வெளி விளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ., லேபிள் பக்கம் 21 செ.மீ. தான். அதே பாட்டை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதினால், உருண்டை முனை ஊசியால் படிக்க முடியாது. நீள்வட்ட முனை ஊசி மாற்றினால் பாதி குணமாகும். மீதிக்கு, அளவுத்தாள் ஒன்றை அச்சிட்டு காட்ரிட்ஜ் கோணத்தைச் சரிபாருங்கள். பெர்வால்ட் என்ற கோணக் கணக்கு முறையில் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு புள்ளிகளிலும் காட்ரிட்ஜ் தாளிலுள்ள கட்டத்துக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டும் செய்து சீறல் போகாவிட்டால் தட்டு தேய்ந்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

காங்கேயம் வாசகர்: ஆம்ப்ளிஃபயர்ல ஆக்ஸ்ல சொருகினா சத்தம் சன்னமா, கீச்சுன்னு வருது. கூடவே 'ங்ங்ங்' இரைச்சல்.

மூவிங் மேக்னட் காட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட் மட்டுமே. தவிர, தட்டில் வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கீச்சை ஏற்றி வெட்டுகிறார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்வது போனோ ஸ்டேஜின் வேலை. 'போனோ' என்று எழுதிய துளை இல்லாவிட்டால் தனியாக ஒன்று வாங்க வேண்டும். இரைச்சலுக்கு: டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய கிரவுண்ட் வயரை ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்ட் திருகில் மாட்டினீர்களா?

திருப்பூர் வாசகர்: மாடி அறைக்குத் தகர ஷீட் கூரை. அங்கே 300 எல்.பி. அடுக்கலாமா? 180 கிராம் தட்டு வளையாது என்கிறார்களே? என் தட்டுகளின் பட்டியலும் அனுப்பியிருக்கிறேன். அதிலுள்ள ஜிம்மி ஹெண்ட்ரிக்ஸ் இரட்டை ஆல்பத்தில் 1-ஆம் பக்கத்தின் பின்னால் 4-ஆம் பக்கம் இருக்கிறதே, அச்சுப் பிழையா?

வேண்டாம். 60 டிகிரியை நெருங்கினால் எந்த வினைலும் இளகும், 180 கிராமும் சேர்த்துத்தான். அந்த எடைக்கும் ஒலித் தரத்துக்கும்கூட நேரடித் தொடர்பில்லை. எந்த டேப்பிலிருந்து யார் வெட்டியது என்பதே பேச்சு. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் தட்டை விட்டுவிட்டு ஒறம்பரை வீட்டு விருந்துக்குப் போனால், திரும்பி வரும்போது அப்பளம் இருக்கும்.

கீழ்த்தளத்தில், சூரியன் படாத உள்சுவர் ஓரம், செங்குத்தாக. ஒரு அடி நீளத்துக்கு 70 தட்டு போல நிற்கும். பலகைக்கு நடுவே ஒன்றரை அடிக்கு ஒரு தடுப்பு வையுங்கள், சாய்ந்து நின்றால் அதுவே வளைக்கும். வெளியுறை பாலிப்ரொப்பிலீன் ஆகட்டும்; பி.வி.சி. உறை நாளாவட்டத்தில் தட்டில் பனிமூட்டம் போலப் படியும். கரையானுக்குப் பயந்து நாப்தலீன் உருண்டை போட வேண்டாம். அட்டையில் ஏறும் வாடை போகாது.

உங்கள் பட்டியலில் ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' 1971 அச்சு இருக்கிறது. அட்டையில் நிஜ ஜிப் தைத்த பதிப்பென்றால், ஜிப்பைப் பாதி இறக்கி வையுங்கள். மேலேயே இருந்தால் அடுத்த தட்டின் பாட்டில் பள்ளம் விழும். பாதியில் இருந்தால் அழுத்தம் லேபிளில் மட்டும் விழும். ஜிம்மி ஹெண்ட்ரிக்ஸின் இரட்டை ஆல்பத்தில் 1-ஆம் பக்கத்தின் பின்னால் 4-ஆம் பக்கம் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள்: அச்சுப் பிழை அல்ல. தட்டுகளை அடுக்கிவைத்தால் ஒவ்வொன்றாக விழும் சேஞ்சர் பிளேயருக்காக அப்படி அமைத்தார்கள். 1-உம் 2-உம் ஓடியபின் அடுக்கை அப்படியே திருப்பினால் 3, 4 வரும்.