நீளப் பீஸ் ஏன் சுவரில் போய் விழுகிறது?

கேள்வி: பிரவுசரில் ஆடும் டெட்ரிஸ் ஆட்டமான டெட்ரியோவில், 40 லைனை அழித்து முடிக்கும் ஆட்டத்தை இரண்டு மாதமாக 1 நிமிடம் 50 விநாடிக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை. வேகத்தைக் கூட்டினால் பீஸ்கள் தப்பான இடத்தில் விழுகின்றன. ஒரு கட்டம் மட்டும் தள்ள நினைத்தால் சுவர் வரை ஓடிவிடுகிறது. இடமிருந்து மூன்றாம் நெடுவரிசையில் நிறுத்த வேண்டிய நீளப் பீஸ் முதல் நெடுவரிசையில் போய் நிற்கிறது. முன்னணி ஆட்டக்காரர் ஒருவரின் செட்டிங்ஸை அப்படியே போட்டிருக்கிறேன்: டி.ஏ.எஸ். 50 மில்லி விநாடி, ஏ.ஆர்.ஆர். 0. லேப்டாப் கீபோர்டில் ஆடுகிறேன். 9,000 ரூபாய்க்குக் காந்த சுவிட்ச் கீபோர்டு வாங்கு என்கிறார்கள். 3,000 ரூபாய் கொடுத்தால் ஓப்பனர்கள் (ஆட்டத் தொடக்கத்தில் அடுக்கும் முறைகள்) சொல்லித்தந்து ரேங்கையும் ஏற்றிவிடுவதாக டிஸ்கார்டில் ஒருவர் சொல்கிறார். ரோலிங் என்ற தட்டும் உத்தியைப் பழகலாமா என்றும் யோசனை. எதை முதலில் செய்வது?

பதில்: பணம் எதையும் எடுக்க வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே இரண்டு தனித்தனிக் கோளாறுகள் தெளிவாகத் தெரிகின்றன. இரண்டுக்கும் கீபோர்டோடு சம்பந்தமில்லை.

முதல் கோளாறு, ஒரு கட்டம் தள்ளினால் சுவர் வரை ஓடுவது. இடது கீயை அழுத்தியதும் பீஸ் ஒரு கட்டம் நகரும். கீயை விடாமல் பிடித்திருந்தால், டி.ஏ.எஸ். என்ற நேரம் கழிந்த பிறகு அது தானாக ஓடத் தொடங்கும். அப்படி ஓடும்போது ஒரு கட்டத்துக்கு எடுக்கும் நேரம்தான் ஏ.ஆர்.ஆர். அது 0 என்றால் ஓட்டம் என்ற பேச்சே இல்லை, கண்ணிமைப்பதற்குள் சுவரில் இருக்கும். சாதாரணமாக ஒரு கீயைத் தட்டி எடுக்கும்போதே அது ஏறக்குறைய 80 முதல் 120 மில்லி விநாடி வரை அழுந்தியிருக்கிறது. நீங்கள் வைத்திருப்பதோ 50. ஆக, நீங்கள் தட்டும் ஒவ்வொரு தட்டையும் பிடித்திருப்பதாகவே கணினி எடுத்துக்கொள்கிறது. அந்த முன்னணி ஆட்டக்காரர் பல வருடப் பயிற்சியில் தன் தட்டலை அவ்வளவு குட்டையாக ஆக்கிக்கொண்டவர். அவருடைய எண் அவருடைய விரலுக்கு அளவெடுத்தது.

கான்ஃபிக் பக்கத்தில் ஹேண்ட்லிங் பகுதிக்குப் போய் டி.ஏ.எஸ்ஸை 8 ஃபிரேம் (விநாடிக்கு 60 ஃபிரேம்), அதாவது சுமார் 133 மில்லி விநாடி, என்று வையுங்கள். ஏ.ஆர்.ஆர். 0 அப்படியே இருக்கட்டும். பிறகு கடிகாரம் இல்லாத ஜென் ஆட்டத்தில், ஒவ்வொரு பீஸையும் ஒரே ஒரு கட்டம் இடதுபுறம் தட்டிப் போடுங்கள். ஐம்பது முறை தட்டி ஒருமுறைகூடச் சுவருக்கு ஓடவில்லை என்றால் அரை ஃபிரேம் குறையுங்கள். ஓடத் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு ஃபிரேம் மேலே வைத்து அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலோருக்கு 6 முதல் 8 ஃபிரேமுக்குள் அடங்கும். வாரத்துக்கு ஒருமுறை இந்த எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பவர்களின் விரல் எந்த நேரத்துக்கும் பழகாது.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ஆட்டம் ஆரம்பத்தில் தரும் அமைப்பு டி.ஏ.எஸ். 10 ஃபிரேம், ஏ.ஆர்.ஆர். 2 ஃபிரேம். புதியவருக்கு இது பாதுகாப்பானதுதான், ஆனால் மெதுவானது. அதை மாற்றலாம் என்பதையும், எந்த அளவு வரை மாற்றலாம் என்பதையும் புதிதாக வருபவரிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நாலு சுருக்கெழுத்து, நாலு ஸ்லைடர், அவ்வளவுதான். முதல் நாளே சொல்லித்தர வேண்டியதை ஒரு செட்டிங்ஸ் பக்கத்தில் புதைத்து வைத்தால், அடுத்தவர் எண்ணைக் காப்பியடிப்பதைத் தவிரப் புதியவர்களுக்கு என்ன வழி?

இரண்டாவது கோளாறுக்குக் காரணம் கீ அழுத்தும் வரிசை. நீளப் பீஸ், அதாவது ஐ, மேலே படுத்த நிலையில் 4 முதல் 7 வரையிலான நெடுவரிசைகளில் தோன்றும். அதை இடது சுவருக்கு ஓடவிட்டால் 1 முதல் 4 வரை படுத்திருக்கும். அந்த நிலையில் வலச்சுற்றுக் கொடுத்தால் 3-இல் நிற்கும். இடச்சுற்றுக் கொடுத்தால் 2-இல் நிற்கும். இதையே முதலில் சுற்றிவிட்டு ஓடவிட்டால், எந்தப் பக்கம் சுற்றினாலும் 1-இல்தான் போய் நிற்கும். நீங்கள் அவசரத்தில் இடது கீயைப் பிடித்து, டி.ஏ.எஸ். முடிவதற்குள் சுற்றிவிடுகிறீர்கள். பீஸ் நடுவழியில் எழுந்து நின்று, நின்றபடியே ஓரத்துக்கு ஓடுகிறது. டி.ஏ.எஸ்ஸைக் கூட்டியதும் இந்தத் தப்பு சில நாட்களுக்கு அதிகமாகும். பயந்து எண்ணைத் திரும்பக் குறைக்காதீர்கள். சுவரைத் தொட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சுற்றுங்கள்.

நீளப் பீஸை எழுந்து நிற்கும்படி வைக்கும் பத்து நெடுவரிசைகளையும் சொல்லிவிடுகிறேன், தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். 1: சுற்று, இடது ஓட்டம். 2: இடது ஓட்டம், இடச்சுற்று. 3: இடது ஓட்டம், வலச்சுற்று. 4: இடச்சுற்று, இடது ஒரு தட்டு. 5: இடச்சுற்று மட்டும். 6: வலச்சுற்று மட்டும். 7: வலச்சுற்று, வலது ஒரு தட்டு. 8: வலது ஓட்டம், இடச்சுற்று. 9: வலது ஓட்டம், வலச்சுற்று. 10: சுற்று, வலது ஓட்டம். எந்த இடத்துக்கும் இரண்டு கீக்கு மேல் தேவையே இல்லை. பிறகு ஸ்பேஸைத் தட்டினால் பீஸ் விழும். இப்படிக் குறைந்த கீயில் வைப்பதைத்தான் ஃபினெஸ் என்கிறார்கள்.

மற்ற பீஸ்களுக்கும் இதே கணக்குதான். அந்தந்த ஆங்கில எழுத்தின் வடிவில் இருக்கும் டி, ஜே, எல், எஸ், இசட் ஐந்தும் 4 முதல் 6 வரை தோன்றும். வலச்சுற்றில் 5, 6 நெடுவரிசைகளில் எழுந்து நிற்கும்; இடச்சுற்றில் 4, 5. எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்பதிலேயே ஒரு தட்டு மிச்சமாகிறது. ஒரே சுற்றுக் கீயை வைத்துக்கொண்டு மூன்றுமுறை தட்டுபவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். படுத்த நிலையில் 7 முதல் 9 வரை வைக்க வேண்டுமென்றால் வலதில் மூன்று தட்டு வேண்டாம். வலது ஓட்டம், இடது ஒரு தட்டு. சதுரமான ஓ பீஸுக்குச் சுற்றே கிடையாது, இதே நகர்த்தல்தான்.

இதனால் எவ்வளவு மிச்சம்? ஒரு லைனுக்கு 10 கட்டம், 40 லைனுக்கு 400 கட்டம். பீஸுக்கு 4 கட்டம் என்றால் மொத்தம் 100 பீஸ். நீங்கள் எடுப்பது 110 விநாடி, அதாவது விநாடிக்கு ஒரு பீஸுக்கும் குறைவு. ஆட்டம் முடிந்ததும் வரும் பக்கத்தில் ஒரு பீஸுக்கு எத்தனை கீ என்ற கணக்கு இருக்கும், பாருங்கள். 3-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 4-ஐத் தாண்டியிருந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் நூறு கீக்கு மேல் வீணாக அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம், அதுவே பத்து விநாடியைத் தின்றுவிடும். தப்பாக விழுந்த ஒவ்வொரு பீஸையும் மூடிச் சரிசெய்ய இரண்டு மூன்று விநாடி தனி. 1:50-க்குக் கீழே போகும் உங்கள் கனவு இந்த இரண்டு கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

பயிற்சி தினமும் அரை மணி நேரம் போதும். 40 லைன் ஆட்டத்தின் அமைப்புகளில் 'அலர்ட் ஆன் ஃபினெஸ் ஃபால்ட்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். வீண் தட்டு விழுந்ததும் எச்சரிக்கும். முதல் பத்து நிமிடம் ஜென்னில், கடிகாரம் இல்லாமல், ஐ பீஸுக்கு மட்டும் கவனம். மறுநாள் டி. அதற்கடுத்த நாள் ஜேயும் எல்லும். மீதி நேரம் 40 லைன், ஆனால் வேகத்தைப் பார்க்காமல். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் மாதம் வேகத்தைப் பற்றிப் பேசவே விடமாட்டார்களே, அதே ஒழுங்கு. நூறு பீஸில் ஃபினெஸ் தப்பு பத்துக்குக் கீழே வரும்வரை வேகம் வேண்டாம். இந்தக் காலத்தில் உங்கள் நேரம் 1:50-லிருந்து 2:20-க்குக்கூடப் போகும். போகட்டும்.

ஆட்டத்தை நடுவில் ரீஸ்டார்ட் செய்யும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். முதல் பத்து லைனில் ஒரு தப்பு வந்ததும் திரும்ப ஆரம்பிப்பவர்களுக்கு, முதல் பத்து லைன் மட்டுமே அழகாக வரும். தப்பிலிருந்து மீள்வதுதான் எதிராளியோடு ஆடும்போது தேவைப்படும் திறமை. சாதனைப் பட்டியலில் சிறந்த நேரம் மட்டும் பதிவாவதால் இந்தக் கெட்ட பழக்கம் எல்லோரிடமும் ஊறிப்போயிருக்கிறது.

இனி கீபோர்டு. சாதாரண யூஎஸ்பி கீபோர்டு விநாடிக்கு 125 முறை கணினிக்குத் தகவல் சொல்கிறது, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை. விலை உயர்ந்தது 1000 முறை, 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை. வித்தியாசம் அதிகபட்சம் 7 மில்லி விநாடி. உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃபிரேமே 16.7 மில்லி விநாடி. அரை ஃபிரேம்கூடத் தேறாத லாபத்துக்கு 9,000 ரூபாயா? விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லவே மாட்டார்கள்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் கீபோர்டைக் குறை சொல்லலாம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பலர் இதைத் தங்கள் விரலின் தப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் வீணாக்குகிறார்கள். லேப்டாப் கீபோர்டுகளிலும் மலிவான கீபோர்டுகளிலும் கீக்கள் தனித்தனி வயரில் இல்லை, குறுக்கும் நெடுக்குமான கம்பிவலையில் இருக்கின்றன. சில மூன்று கீக்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் மூன்றாவது கீ கணினிக்குப் போய்ச் சேராது. இடது அம்பு, மேல் அம்பு, ஸ்பேஸ் மூன்றும் சேர்ந்தால் இப்படி ஆவது மிகச் சாதாரணம். ஆட்டத்தில் அதுதான் நகர்த்து, சுற்று, போடு. ஸ்பேஸ் தட்டியும் பீஸ் விழவில்லை, மறுபடி தட்டினீர்கள், அடுத்த பீஸும் சேர்ந்து விழுந்தது என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சோதிக்கக் காசு வேண்டாம். நோட்பேடைத் திறந்து பத்து வரி ஏதாவது அடியுங்கள். கர்சரைக் கடைசியில் வைத்து, இடது அம்பையும் மேல் அம்பையும் பிடித்தபடி ஸ்பேஸைத் தட்டுங்கள். வரிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் உங்கள் கீபோர்டு நல்லது, விவகாரம் முடிந்தது. விழாவிட்டால் வலது அம்பு, கீழ் அம்புகளோடும் சோதித்துவிட்டுச் சுற்றுவதை மேல் அம்பிலிருந்து எடுத்துவிடுங்கள். எக்ஸ் கீயில் வலச்சுற்று, இசட்டில் இடச்சுற்று, சியில் ஹோல்டு (பீஸைப் பிறகு பயன்படுத்த எடுத்துவைப்பது). மாற்றிய கீக்களை வைத்து அதே நோட்பேட் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதுவும் சிக்கினால் ஒரு வேலையை ஷிஃப்டுக்குக் கொண்டுபோகலாம். ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் கீக்கள் பெரும்பாலும் இந்தச் சிக்கலில் மாட்டாதபடி தனியாக அமைந்திருக்கும். ஆனால் விண்டோஸில் ஷிஃப்டை ஐந்துமுறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி நடு ஆட்டத்தில் எழும்பும். அந்தக் குறுக்குவழியை செட்டிங்ஸில் அணைத்துவிட்டு ஆடுங்கள். கண்ட்ரோலை எடுத்துக்கொண்டு டபிள்யூவையும் ஆட்டத்துக்குப் பயன்படுத்தினால் பிரவுசர் டேபே மூடிக்கொள்ளும். இவ்வளவும் செய்து சரிவரவில்லை என்றால், பல கீக்களை ஒன்றாக ஏற்கும் சாதாரண வயர் மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று போதும். காந்த சுவிட்ச் அப்போதும் தேவையில்லை. ப்ளூடூத் கீபோர்டு எந்த விலையிலும் வேண்டாம்.

டிஸ்கார்டு ஆசாமியை இன்றே பிளாக் செய்யுங்கள். ரேங்கை ஏற்றித்தருவது என்றால் உங்கள் பாஸ்வேர்டை வாங்கி அவர் ஆடுவார், அல்லது தன் இன்னொரு கணக்கை உங்களிடம் தோற்க வைப்பார். கண்டுபிடிக்கப்பட்டால் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. முடக்கப்படாவிட்டாலும் உங்களைவிடப் பல படி மேலே இருப்பவர்களோடு மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் அரை நிமிடத்தில் தோற்று, பழைய இடத்துக்கே இறங்குவீர்கள். ஓப்பனர் பாடம் என்று இப்படிப்பட்டவர்கள் விற்கும் பிடிஎஃப், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் படங்களின் தொகுப்பு. ஹார்டு டிராப் விக்கியிலும் ஃபோர்.லோல் தளத்திலும் அதைவிட நன்றாக இருக்கிறது. தானாக ஃபினெஸ் செய்யும் மென்பொருள் என்று யாராவது இறக்கச் சொன்னால் அதையும் தொடாதீர்கள். இந்த ஆட்டத்தை நேசித்துப் பல வருடம் உழைத்தவர்கள் தெரிந்ததை எல்லாம் சும்மா கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் காசு பார்ப்பது அநியாயம்.

ரோலிங் உங்களுக்கானது இல்லை. அது 1989-இல் வந்த நின்டென்டோ என்.இ.எஸ். டெட்ரிஸ் ஆடுபவர்களின் உத்தி. அதில் பீஸ் ஓட 16 ஃபிரேம் காத்திருக்க வேண்டும், பிறகும் 6 ஃபிரேமுக்கு ஒரு கட்டம்தான். 29-ஆம் லெவலில் பீஸ் ஃபிரேமுக்கு ஒரு வரிசை இறங்குகிறது. அந்த வேகத்தில் பிடித்து நகர்த்த முடியாது என்பதால், கன்ட்ரோலரின் முதுகுப்பக்கத்தை விரல்களால் வரிசையாகத் தட்டி, பட்டனைக் கட்டைவிரல் மேல் மோதவைத்தார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயது வில்லிஸ் கிப்ஸன் 2023 டிசம்பரில் 157-ஆம் லெவலில் அந்த ஆட்டத்தையே உறையவைத்தது இந்த உத்தியால்தான். நீங்கள் ஆடுவதில் ஏ.ஆர்.ஆர். 0 இருக்கிறது, ஒரே தட்டில் பீஸை அடிக்கு இறக்கும் ஹார்டு டிராப் இருக்கிறது. ரோலிங்குக்கு இங்கே வேலையே கிடையாது.

ஓப்பனர்களை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். டிடி கேனன் போன்றவை முதல் சில பீஸ்களோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் தனியாகத்தான் ஆட வேண்டும். 40 லைன் 1:30-க்குள் நிலையாக வந்த பிறகு டி பீஸைச் சுற்றி இடுக்குக்குள் நுழைக்கும் டி-ஸ்பின் டபுள் ஒன்றை மட்டும் பழகுங்கள். இரண்டு லைனை அழித்து எதிராளிக்கு நான்கு தடை லைன் அனுப்பும். நீளப் பீஸால் நான்கு லைன் அழித்தாலும் அனுப்புவது அதே நான்குதான். டி-ஸ்பின் டபுளுக்கு வேண்டிய அமைப்பு இது: மூன்று கட்ட அகலப் பள்ளம், அதன் நடுவில் கீழே ஒரு கட்ட ஆழம், மேலே ஒரு பக்கத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டக் கூரை. டியை எழுந்து நிற்கவைத்து, கூரையை ஒட்டிக் கீழ் அம்பால் இறக்கி, அடியைத் தொட்டதும் அதன் முனை கீழே பார்க்கும்படி சுற்றுங்கள். கீழ் அம்பால் இறக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் எஸ்.டி.எஃப். ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளிவையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு டிக்கும் அரை விநாடி காத்துக்கிடப்பீர்கள்.