தீனிப்பை வீங்குன கோழிய தலைகீழா புடிக்காதீங்க

தலவாக்கலை பக்கத்து தோட்டத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: “வீட்டுக்கு பின்னால ஆறு நாட்டுக்கோழி வளக்குறேன். ஒரு பொட்டைக்கோழிக்கு ரெண்டு நாளா கழுத்துக்கு கீழ நெஞ்சுகிட்ட உருண்டையா வீங்கியிருக்கு. தீனி எடுக்கல, ஓரமா ஒடுங்கி நிக்குது, முட்டையும் நின்னுபோச்சு. பக்கத்து லயத்து தாத்தா எண்ணெய் குடுத்து தலைகீழா புடிச்சு பிதுக்கிவிடு, எல்லாம் வந்துரும்னு சொல்றாரு. இன்னொருத்தரு பிளேடால கீறி அழுக்க எடுத்துட்டு தச்சுரலாம்னு சொல்றாரு. எது செய்யலாம்?”

அக்கா, ரெண்டுமே வேணாம். தாத்தா சொன்னதுல எண்ணெய் மட்டும் ஓரளவுக்கு சரி, அதுவும் எல்லா வீக்கத்துக்கும் சரிவராது. கோழிக்கு மூச்சுக்குழாய் வாசல் நாக்குக்கு நேர் பின்னாலயே இருக்கு, நமக்கு இருக்கிற மாதிரி அதுக்கு மேல மூடி கிடையாது. தலைகீழா புடிச்சு பிதுக்கும்போது வர்ற தண்ணி நேரா நுரையீரலுக்கு இறங்கிரும், அந்த எடத்துலயே கையில துடிச்சு சாவும், இல்லாட்டி ரெண்டு நாள் கழிச்சு சளி கட்டி போகும். வீக்கத்துல சாகாத கோழி வைத்தியத்துல சாகுறதுதான் நிறைய நடக்குது.

முதல்ல இது உண்மையிலயே வருத்தமான்னு பாத்துருங்க. கோழி தின்ன தீனி எல்லாம் முதல்ல இந்த தீனிப்பையிலதான் சேரும், நெஞ்செலும்புக்கு மேல, அதோட வலது பக்கம் கொஞ்சம் ஒதுங்கி இருக்கும். சாயந்திரம் அடையுறதுக்கு முன்ன எல்லா கோழிக்கும் அது பொம்முன்னுதான் இருக்கும், அத பாத்து பயப்பட வேணாம். ராத்திரி பூரா அது கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கி, விடியும்போது பை காலியா ஒட்டிப்போயிருக்கணும். அதனால இன்னைக்கு பொழுதுசாய தனி கூட்டுல போடுங்க, உள்ள ஒரு மணி தீனி கூட இருக்கக்கூடாது. காலையில தீனி வைக்கிறதுக்கு முன்ன இடது கக்கத்துல கோழிய அணைச்சு புடிச்சுக்கிட்டு வலது கை விரலால மெதுவா தடவி பாருங்க. காலின்னா தீனிப்பையில குத்தமில்ல, வேற எங்கயோ பிரச்சினை. இன்னமும் நெறைஞ்சிருந்தா கெட்டியா இருக்கா தண்ணியா இருக்கான்னு பாக்கணும், ஏன்னா ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

கெட்டியா, அமுக்குனா குழி விழாம கட்டியா இருந்துச்சுன்னா அடைப்பு. நம்ம பக்கம் இதுக்கு பெரிய காரணம் நீளமான புல்லு. மாட்டுக்கு அறுத்துப் போட்ட புல்லு, லீக்ஸ் தோகை இதெல்லாம் முழுசா கெடந்தா கோழி இழுத்து இழுத்து முழுங்கும், உள்ள போய் அது ஒன்னோட ஒன்னு சுத்திக்கிட்டு பந்தாயிரும். அதவிட மோசம் உர பேக்குல இருந்து ஓரம் பிரியுது பாருங்க வெள்ளை பிளாஸ்டிக் நாரு, அது. புழுன்னு நெனச்சு கொத்தி முழுங்கிரும், அது கரையவும் கரையாது, இறங்கவும் இறங்காது. மரக்கறி தோட்டத்துக்கு பக்கத்துல கோழி மேயுற வீட்டுல எல்லாம் இந்த நாரத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

இந்த கெட்டி அடைப்புக்கு வீட்டுல செய்யக்கூடியது இதுதான். ஒரு நாளைக்கு, கூடிப்போனா 24 மணித்தியாலம், கெட்டித் தீனிய நிறுத்துங்க, தண்ணிய நிறுத்தாதீங்க. அரை தேக்கரண்டி தேங்கா எண்ணெய கொஞ்சம் இளஞ்சூடாக்கி (சூடு உங்க மணிக்கட்டுல வச்சு பாத்துக்கங்க) ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து, அலகோட ஓரத்துல சொட்டு சொட்டா விடுங்க, ஒவ்வொரு சொட்டையும் அது முழுங்குன பிறகு அடுத்தது, அவசரப்பட்டு வாய்க்குள்ள பீச்சிராதீங்க. அது கூடவே கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணியும் அதே மாதிரி. பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டுட்டு கோழிய நேரா நிக்க வச்சுக்கிட்டு பைய விரல் நுனியால வட்டமா உருட்டி விடுங்க, ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம், நாளைக்கு மூணு நாலு தடவை. வாய்ப்பக்கமா மேல தள்ளவே கூடாது. உள்ள இருக்கிற கட்டி உதிர்ந்து இளகுற மாதிரி கையில தெரியும், எச்சமும் வர ஆரம்பிக்கும், அதுதான் நல்ல அறிகுறி. ரெண்டு நாள்ல இளகலன்னா உள்ள நாரு பந்துதான்னு வச்சுக்கங்க, அது எண்ணெய்க்கு மசியாது.

இப்ப மத்தது. தொட்டா தண்ணி ஊத்துன பலூன் மாதிரி தளதளன்னு ஆடும், கோழி வாய தொறந்தா புளிச்ச கள்ளு வாடை அடிக்கும். இது கேண்டிடான்னு ஒரு பூஞ்சை உள்ள பெருகிப்போறதால வர்றது. இதுக்கு எண்ணெய் குடுத்து ஒரு பிரயோசனமும் இல்ல, உருட்டுனா தண்ணி மேல ஏறி மூச்சடைக்கும், அதனால கையவே வைக்காதீங்க. பாண், பழஞ்சோறு, சீனித்தண்ணி இதெல்லாம் உடனே நிறுத்துங்க, இனிப்பும் மாச்சத்தும்தான் அந்த பூஞ்சைக்கு சாப்பாடு, கோழி வாடிப்போச்சேன்னு பாவம் பாத்து சீனித்தண்ணி குடுக்கிறவங்கதான் நிறைய. இதுக்கு மருந்து நிஸ்டாட்டின், சின்ன புள்ளைங்களுக்கு வாய்ப்புண்ணுக்கு குடுக்கிற அதே திரவ மருந்துதான், ஆனா கோழி எடைக்கு எவ்வளவுன்னு மிருக வைத்தியர்கிட்ட கேட்டுத்தான் குடுக்கணும். போறதுக்கு முன்ன சமையல் தராசுல எடைய பாத்து எழுதிட்டு போங்க, அவருக்கு முதல்ல தேவை அதுதான். இன்னொன்னு, சளிக்குன்னு கடையில வாங்கி தண்ணியில கலந்து குடுத்தீங்களா, ஆன்டிபயோட்டிக் ஏதாவது? நல்ல கிருமிய அது அழிச்சிட்டா பூஞ்சை தலைதூக்கும், அப்ப அதயும் மறைக்காம சொல்லுங்க.

மயில்துத்தம் கலந்து குடுக்க சொல்லுவாங்க, கெழங்குக்கு அடிக்கிற மருந்துல கலக்குறதுன்னு நம்ம வீடுகள்ல அது இருக்கும். பழைய வைத்தியந்தான், பூஞ்சைய அடக்கவும் செய்யும், ஆனா கொஞ்சம் அளவு தப்புனாலும் செப்பு விஷம், ஒரு கோழிக்காக கண்ணளவுல கலக்குற சாமான் இல்ல அது. அப்பச்சோடா, உள்ளிய தட்டி குடுக்கிறது இதெல்லாம் சும்மா மனத்திருப்திக்குத்தான்.

பிளேடு விஷயம். வைத்தியர்மார் பைய கீறி அடைப்ப எடுக்கிறது உண்டு, உணர்வு மரக்க மருந்து போட்டு, பைய தனியா தோல தனியா ரெண்டு அடுக்கா தைப்பாங்க. வீட்டு ஊசிநூலுல சேத்து தச்சா தின்னது எல்லாம் கசிஞ்சு சீழ் புடிக்கும். உங்க பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு முதல்ல போங்க, அங்க முடியலன்னா பேராதனை பல்கலைக்கழகத்து கால்நடை வைத்தியசாலை இருக்கு.

வைத்தியரு வேற இடத்தயும் தொட்டு பாப்பாரு, ஏன்னா பை நிக்கிறதுக்கு பையே காரணமா இருக்கணும்னு இல்ல. வயித்துல புழு நெறைஞ்சிருந்தாலும், முட்டை மாட்டிக்கிட்டாலும், மாரெக்ஸ் மாதிரி நரம்ப புடிக்கிற வருத்தம் இருந்தாலும் பை இறங்காம நிக்கும். ஒன்னுக்கு மேல கோழி ஒரே நேரத்துல இப்படி நின்னு, பச்சையா கழிஞ்சு, கழுத்து திருகுச்சுன்னா அது ரானிகேத்துங்கிற தொத்து வருத்தமா இருக்கலாம். அப்ப எண்ணெயும் வேணாம் ஒன்னும் வேணாம், மத்த கோழிய பிரிச்சுட்டு அன்னைக்கே அலுவலகத்துக்கு சொல்லிருங்க.

பை காலியானதும் ஒரேயடியா தீனிய கொட்டிராதீங்க. லேயர் மாஷ (முட்டைக்கோழிக்கு கடையில விக்கிற தூள் தீனி) தண்ணியில குழைச்சு, இல்லாட்டி அவிச்ச முட்டைய மசிச்சு, ஒரு மேசைக்கரண்டி அளவா நாளைக்கு நாலஞ்சு தடவை, நாலு நாள் இப்படியே போகட்டும். நம்ம குளிருக்கு ஒல்லியான கோழி ராத்திரி தாங்காது, அட்டைப்பெட்டியில சாக்கு விரிச்சு அடுப்படி பக்கமா வைங்க. மழைக்காலத்துல மாஷ் பேக் ஈரம் குடிச்சு பூசணம் வச்சா அத மாட்டுக்கும் போடாதீங்க, கோழிக்கும் போடாதீங்க, மூடி போட்ட வாளியில வைக்கிறது நல்லது. அடைச்சு வளக்குறதா இருந்தா ஒரு சிரட்டையில பொடிக்கல்லு வைங்க, அரைக்கிற வேலைய அதுதான் செய்யும். முட்டைக்கோது சுண்ணாம்புச்சத்துக்கு, அது கரைஞ்சுபோயிரும், கல்லுக்கு பதிலா அது ஆகாது. புல்லு, தோகை எதுவா இருந்தாலும் விரல் அகலத்துக்கு நறுக்கி போடுங்க.

மருந்து குடுக்கிற நாள்ல கோழி முட்டை போட்டா அத எத்தன நாள் தின்னாம விடணும்னு வைத்தியர்கிட்ட கேட்டுக்கங்க, வயித்துப்புழு மருந்துக்கும் அதே மாதிரி கேக்கணும். பொழைக்காதுன்னு தெரிஞ்சா குழம்பு வச்சிரலாம்னு யாராவது வீட்டுல சொல்லுவாங்க, மருந்து உள்ள போன கோழிய அந்த நாள் கணக்கு முடியாம சட்டியில ஏத்தாதீங்க.